வியாழக்கிழமைக் கடற்சோதனை

என்னிடம் இருபத்தேழு நாட்குறிப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த முதலாவதிலிருந்து போன வருடத்தது வரை, ஒரு நாள்கூட விடாமல் எழுதியவை. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, பஸ் எவ்வளவு நேரம் பிந்தியது, அக்கா வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன வாசித்தேன் என்று எல்லாம் அவற்றில் இருக்கும். உறவினர்களுக்குள் ஒரு திருமணம் எந்தக் கிழமையில் நடந்தது என்று தகராறு வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு நாட்குறிப்பில் ஒரு வியாழக்கிழமையின் பக்கம் பொய்.

அதைப் பற்றித் திகதி போடாமல் எழுதுவது, சட்டை போடாமல் கந்தோருக்குப் போவதுபோல இருக்கிறது. என்றாலும் இதில் வரும் கடற்றொழிலாளி இன்னும் கொழும்பு முகத்துவாரத்தில்தான் இருக்கிறார். திகதியைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் ஒரு பெப்ரவரி மாதம். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது நான் வெள்ளவத்தையில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். வேலை கொட்டாஞ்சேனையில், படகு எஞ்சின்களை விற்றுத் திருத்திக் கொடுக்கும் ஒரு கடையில். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை. முதலாளி யாழ்ப்பாணத்தவர், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். எஞ்சின் திருத்துபவர் இரத்மலானையிலிருந்து வரும் சிங்களவர். கைவேலை தெரிந்தவர்களை இங்கே அழைக்கிற வழக்கப்படி அவரை நாங்கள் 'பாஸ்' என்றுதான் அழைப்போம். கொட்டாஞ்சேனையில் இருபது வருடம் வேலை செய்ததால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். நான் லிகிதர். எஞ்சினோடு வரும் ஆங்கிலக் கைநூலை வாசித்துப் பாஸுக்குச் சொல்வதும், வேலை அட்டை எழுதுவதும் என் பொறுப்பு. வேலை அட்டை என்றால், ஒவ்வொரு எஞ்சினுக்கும் என்ன கோளாறு, என்ன சோதனை, என்ன முடிவு என்று எழுதி முத்திரை குத்திய தாள். இரண்டு பிரதிகள் எங்கள் கோவையில் இருக்கும், ஒரு பிரதி எஞ்சின்காரருக்குப் போகும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரில் வரும் கோளாறைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். ஒருவர் எஞ்சினை ஓட்டுவார். மற்றவர் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேகம், சத்தம், தண்ணீர் ஓட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். கடிகாரத்தோடு உட்காரும் ஆள் நான். சிறிய எஞ்சின்களைப் பொல்கொடை வாவியில் பாஸின் நண்பர் ஒருவருடைய படகில் பூட்டிப் பார்ப்போம். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கடலுக்கு நான் போனதே இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கடற்றொழிலாளி வந்தார். நாற்பது வயதிருக்கும். தடித்த, சிரித்த முகம். வாங்கி ஒரு வருடமாகாத பெரிய எஞ்சின் ஒன்றை திரீவீலரில் கொண்டுவந்திருந்தார்.

"சேர், இது கத்துது."

"எப்பிடிக் கத்துது?" என்று கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, மூச்சு முடியும்வரை 'பீ' என்று இழுத்தார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஸ் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "விட்டு விட்டுக் கத்துதா, ஒரேயடியாவா?"

"ஒரேயடியா, பாஸ். எங்க மாமியார் மாதிரி. கரையில இருக்கும்போது சத்தமே இல்ல. அலை தடுக்குற அணையைத் தாண்டி வேகம் புடிச்சுக் கால் மணி நேரம் போனா ஆரம்பிச்சிடும். வேகத்தக் கொறச்சா நிக்குது."

கைநூலில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. எச்சரிக்கை அலாரம் விட்டு விட்டு ஒலித்தால் எண்ணெய் குறைவு. தொடர்ந்து ஒலித்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது, உடனே நிறுத்த வேண்டும். இந்த வகை எஞ்சின்கள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் காலால் கடல் நீரையே உறிஞ்சி மேலே ஏற்றித் தம்மைக் குளிர்த்திக்கொள்பவை. உறிஞ்சும் துளையில் பொலித்தீன் அடைத்திருக்கலாம், தண்ணீர் பம்ப் பழுதாகியிருக்கலாம் என்று காரணங்களை நான் வாசிக்க, பாஸ் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் விட்டு அரைமணி நேரம் ஓட்டினோம். அலாரம் ஒலிக்கவில்லை. குளிர்த்திய தண்ணீர் பின்பக்கத்துத் துளையால் மெல்லிய கம்பிபோலப் பீச்சிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே ஒண்ணுக்குப் போகுது" என்றார் கடற்றொழிலாளி.

"பீப்பாவில எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளை" என்றார் பாஸ். "கடல்ல முழு வேகத்தில ஓட்டணும். அப்பதான் பம்ப் களைக்குதா இல்லையா தெரியும்."

பம்பைத் திறந்தால் அடியிலுள்ள வாசர்களைப் புதிதாகப் போட வேண்டும். அவை கையிருப்பில் இல்லை. கடலில் ஓட்டி உறுதி செய்த பிறகு வரவழைப்பது என்றும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய படகிலேயே பூட்டிப் பார்ப்பது என்றும் பேசி முடித்தோம். அதுவரை எஞ்சினை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று பாஸ் இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை பாஸ் வரவில்லை. கொப்புளிப்பான் அம்மை போட்டிருக்கிறது, இரண்டு கிழமைக்கு எதிர்பார்க்க வேண்டாம் என்று அவருடைய வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எஞ்சினை அந்த ஆளே ஓட்டுவான். நீர் மணிக்கூட்டோட இருந்து எழுதும். அது காணும்."

"ஓம்" என்றேன்.

அந்த 'ஓம்' என் வாயிலிருந்து வரும்போதே எனக்குத் தெரியும். துறைமுக மதிலைத் தாண்டி அந்தக் கடற்றொழிலாளி படகு விடும் இடத்தில் கடற்படையின் காவல் கூடு ஒன்று இருந்தது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் அங்கே அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். என் அட்டை யாழ்ப்பாணத்தில் எடுத்தது. யாழ்ப்பாண அட்டையோடு ஒருவன், பெரிய எஞ்சின் பூட்டிய படகில், கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏறுகிறான். அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முந்தின வருடம் வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்பில் என்னைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், மறுபடியும் கேட்டார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு பொலிஸ்காரர் தன் தேநீரில் பாதியை ஊற்றித் தந்தபோது நான் அழுதேன். என்னோடு இருந்த பதினாறு பேரும் பார்த்தார்கள். அந்த நாளுக்கும் என்னிடம் பக்கம் உண்டு, நேரங்களோடு. அழுததை மட்டும் எழுதவில்லை. விட்டு எழுதுவது வேறு, பொய் எழுதுவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாளியிடம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதே அட்டைக்காரர்தான், விளங்கியிருக்கும். அது எனக்கு வாயில் வரவில்லை.

வியாழக்கிழமை எட்டரைக்குக் கொச்சிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கையில் வேலை அட்டை, பென்சில், கடிகாரம். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் இருபது நிமிடம். எதிர்ப்பக்கத்தில் வேறொரு பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கி வரிசையில் விட்டு அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, பார்க்கக்கூட இல்லை. இருந்தும் கால் திரும்பிவிட்டது. அந்தோனியார் கோயிலுக்குள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நாங்கள் சைவம் என்றாலும் செவ்வாய்க்கிழமைகளில் அக்காவே அங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவாள். ஆகவே ஒளிந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன்.

ஒன்பது மணிக்கு, ஒன்பது பத்துக்கு எழும்பலாம் என்றேன். ஒன்பதரைக்கு, இனிப் போனால் ஏன் பிந்தியது என்று கேட்பார்கள் என்றேன். பிறகு வேலை அட்டையை மடியில் வைத்து எழுதத் தொடங்கினேன்.

9.10 புறப்பாடு, மெதுவான வேகம், ஒலி இல்லை. 9.15 அரை வேகம், தண்ணீர் ஓட்டம் சீர். 9.25 முழு வேகம், ஒலி இல்லை. இப்படியே 9.55 வரை. நான் சிறு வயதிலிருந்து பழைய பயணப் பதிவுகளையும் கப்பல் குறிப்புகளையும் தேடி வாசிக்கிறவன். உண்மையான பதிவில் எங்காவது ஒரு சிறு தடங்கல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே 9.35க்கு எதிரே 'அலை சற்று அதிகம், இரண்டு நிமிடம் வேகம் குறைக்கப்பட்டது' என்று சேர்த்தேன். அதை எழுதியபோது எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நான் மறக்கவில்லை, மறக்க முடிந்தால் நல்லது. முடிவு என்ற இடத்தில், 'கடற்சோதனையில் எஞ்சின் நன்று. கோளாறு எச்சரிக்கை ஒலியில் மட்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பத்து மணிக்குக் கோயிலை விட்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் கடற்றொழிலாளி எஞ்சினைத் திரும்பவும் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினின் கால் ஒரு பக்கத்தால் நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.

"ரொம்ப நேரம் பாத்தேன் சேர். வரலியே?"

"பாஸோட போன்ல கதைச்சனான்" என்றேன். "கடலுக்குப் போகத் தேவையில்லையாம். எஞ்சினில பிழை ஒண்டும் இல்லை. கத்துற அந்தச் சாமான்தான் பிழை."

"அப்படியா?" அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "நான் பயந்தே போனேன். அப்ப அதச் சரி பண்ணிடலாமா?"

கைநூலில் வயர்களின் படம் இருந்தது. நான் வாசலுக்குப் போய், திரீவீலருக்குள் குனிந்து, எஞ்சினின் மூடியைக் கழற்றினேன். என் வாழ்க்கையில் எஞ்சினைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். படத்தைப் பார்த்து அலாரத்துக்குப் போகும் வயரைக் கண்டுபிடித்து, அதன் செருகியைப் பிடுங்கினேன். இரண்டு முனைகளையும் கறுப்பு டேப்பால் தனித்தனியே சுற்றினேன்.

திரீவீலர்காரர் முன் சீற்றில் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, மாமியாருக்கு ஒப்பரேஷனா?"

"வாயைத் தச்சாச்சு" என்றார் கடற்றொழிலாளி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அட்டையின் ஆங்கிலத்தை அவரால் வாசிக்க முடியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பெரிய உபகாரம் சேர்" என்று சொல்லிப் போனார். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் அட்டையிலிருந்ததையே எழுதினேன். அட்டையில் ஒன்றும் நாட்குறிப்பில் இன்னொன்றும் இருக்கக்கூடாது என்பது என் ஒழுங்கு.

அடுத்த புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அவருடைய மனைவி கடைக்கு வந்தார். அவரை நான் முன்பு பார்த்ததில்லை. நிறைமாதக் கர்ப்பிணி. கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. முதலாளியிடம்தான் பேசினார்.

"திங்கக்கெழம போனவரு சேர். நடுக்கடல்ல எஞ்சின் இறுகி நின்னுடிச்சு. நீரோட்டம் துறைமுக வாசல் பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கு. படகு போகக்கூடாத எடமாம். நேவிக்காரங்க இழுத்துட்டு வந்து பொலிஸ்ல குடுத்துட்டாங்க."

"அடிச்சவங்களா?"

"இல்ல சேர். ஏன் அங்க போனேன்னு கேக்குறாங்க. எஞ்சின் பழுது, போன கெழமதான் ரிப்பேருக்குக் குடுத்தேன்னு இவரு சொன்னாரு. இவருகிட்ட இருந்த துண்டு நனஞ்சு போச்சு. கடையில இருக்கிற துண்டு, சீல் குத்தினது கொண்டுவரச் சொன்னாங்க. அதப் பாத்துட்டு விட்டுடுவாங்களாம்."

"அதுக்கென்ன, இப்பவே தாறன்" என்ற முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தக் கார்டை எடும்."

கோவையிலிருந்து அதன் ஒரு பிரதியை எடுத்தேன். அதை எடுத்துக் கொடுப்பதற்கிடையில் ஒரு நிமிடமாவது இருந்திருக்கும். 'அது சரியில்லை' என்ற இரண்டு சொல் போதும். நான் முத்திரையை மையில் ஒற்றி, நேராகக் குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன். எஞ்சின் ரிப்பேருக்கு வந்தது என்பதற்கு அது சாட்சிதானே, அதற்கு மேல் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வாசித்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த மனைவி மறுபடி வந்தார். இந்த முறை நேரே என்னிடம்.

"அந்தக் கார்ட்ல வியாழக்கெழம எங்க போட் கடலுக்குப் போனதா இருக்காம் சேர். நேவிக்காரங்க புத்தகத்துல அன்னிக்கு இவரு பேரே இல்லையாம். அப்ப யாரக் கூட்டிட்டு, யாருக்கும் தெரியாம, எந்தப் பக்கத்தால போனேன்னு கேக்குறாங்க. இவரு போகவே இல்லைங்கிறாரு. கடைக்காரங்க பொய்யா எழுதுவாங்க, நீதான் பொய் சொல்றேங்கிறாங்க."

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"கார்ட எழுதின ஆளு வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். சொல்லலேன்னா பெரிய எடத்துக்கு அனுப்பிடுவாங்களாம். அங்க போனா எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது சேர்." வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க வருவீங்களா?"

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வாறன்" என்றேன். "பொலிஸ் வாசல்ல நில்லுங்கோ."

சனிக்கிழமை நான் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. தலையிடி என்று அக்காவிடம் சொல்லிப் படுத்தேன். அக்கா நெற்றியில் தைலம் பூசிவிட்டாள். ஒன்பது மணியையும் பத்து மணியையும் சுவர் மணிக்கூட்டில் பார்த்தேன். அந்தப் பெண் வாசலில் நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அப்போதும் தெரியும். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு 'தலையிடி' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புத்தகத்தின் எழுபது பக்கம் வாசித்ததாக எழுதியிருக்கிறேன். என்ன புத்தகம் என்று எழுதவில்லை. அதிலிருந்து ஒரு வரிகூட ஞாபகமில்லை.

திங்கட்கிழமை பாஸ் வேலைக்கு வந்தார். முகமெல்லாம் தழும்பு. எஞ்சின் இறுகிப் படகுக்காரர் பொலிஸில் இருக்கும் கதையை முதலாளி அவரிடம் சொல்லியிருந்தார். அவர் என் மேசைக்கு வந்து அந்த அட்டையின் நகலைக் கேட்டார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் நேரங்களும் வேகங்களும் தெரியும். எண்ணெய் படிந்த விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தினார்.

"மாத்தயா, முழு வேகத்தில அரைமணி நேரம். சத்தம் வரல்லையா?"

"வரேல்லை."

"அந்த ஆள் கால் மணி நேரத்தில வருது எண்டு சொன்னது. ஒவ்வொரு நாளும் வந்தது. நீங்க போன அண்டைக்கு மட்டும் வரல்லை." விரல் அப்படியே நின்றது. "நீங்க போனீங்களா?"

எனக்குப் பின்னால் முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. "இல்லை" என்றேன்.

பாஸ் நகலை மேசையில் வைத்தார். பின்பக்கம் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "யமு" என்றார், போவோம் என்று.

பொலிஸ் நிலைய வாசலில் அந்தப் பெண் நின்றார். நாங்கள் உள்ளே போய் ஒரு வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். பாஸ் எனக்காகப் பேசுவார் என்று நம்பித்தான் நான் போயிருந்தேன். அதிகாரி கூப்பிட்டபோது பாஸ் என்னோடு எழும்பி வந்து, என் பக்கத்தில் நின்று, வாயே திறக்கவில்லை. என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் நானே சொல்ல வேண்டியிருந்தது. வியாழக்கிழமை படகு கடலுக்குப் போகவில்லை. நான் கரைக்குப் போகவில்லை. அட்டையிலுள்ளது நான் கற்பனையாக எழுதியது.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்படியானால் ஒன்பதேகாலுக்கு எங்கே இருந்தாய்?" என்று கேட்டார்.

"அந்தோனியார் கோயிலில்."

"ஒன்பது முப்பத்தைந்துக்கு?"

"கோயிலில்."

"இங்கே அலை அதிகம் என்று எழுதியிருக்கிறதே" என்றார். அந்த வரியைப் பக்கத்து மேசைக்காரருக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். கோயிலுக்குள் அலை. அந்த அறையிலிருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். பாஸ் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் அடையாள அட்டையைப் பார்த்து, இலக்கத்தை எழுதிவிட்டுத் திருப்பித் தந்தார்கள். என் வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கினார்கள். ஏன் போகவில்லை என்ற ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு அவரை விட்டார்கள். திங்கள் முதல் திங்கள் வரை ஏழு நாள். முதல் இரண்டு நாளைக் கடலின் கணக்கில் எழுதலாம். மிச்சம் ஐந்தும் நான் முத்திரை குத்திய புதன்கிழமையிலிருந்து. தாடி வளர்ந்து, முகம் சுருங்கி வெளியே வந்தவர் என்னைக் கண்டு, "வந்தீங்களா சேர்" என்றார். அவ்வளவுதான். அவருடைய மனைவி என் பக்கம் பார்க்கவே இல்லை.

முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. "நீர் எழுதினது எண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு சீல் குத்த விடுவன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் முத்திரையும் மைப்பெட்டியும் என் மேசையிலிருந்து அவருடைய அறைக்குப் போயின. அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு அட்டையையும், பொல்கொடைச் சோதனைகளையும்கூட, பாஸைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் குத்தினார். நான் அந்தக் கடையை விட்டுப் போகும்வரை அப்படியே இருந்தது.

எஞ்சின் மார்ச் மாதம் பட்டறைக்கு வந்தது. பாஸ் அதைப் பிரித்தபோது கடற்றொழிலாளியும் பக்கத்தில் நின்றார். தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சில்லில் இரண்டு இதழ்கள் உடைந்து போயிருந்தன. மெதுவாக ஓடும்போது மிச்ச இதழ்கள் சமாளித்திருக்கின்றன. வேகத்தில் தண்ணீர் போதாமல் எஞ்சின் வெந்திருக்கிறது. மேல் மூடியைக் கழற்றியபோது பாஸின் கண்ணில் கறுப்பு டேப் பட்டது.

"பிடுங்கின ஆள் ஒழுங்கான ஆள்" என்றார். "ரெண்டு பக்கமும் சுத்தியிருக்கு."

பொலிஸிலும் முதலாளியிடமும் நான் சொல்லாமல் விட்டது அதுதான். கடற்றொழிலாளி அந்த இரண்டு முனைகளையும் விரலால் தூக்கிப் பார்த்தார். சரி பண்ணியது என்று அவர் நம்பியிருந்தது வெறுமனே பிடுங்கியது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அதான் கத்தல" என்றார், என்னிடம் இல்லை, எஞ்சினிடம் சொல்வதுபோல. "கத்தியிருந்தா திரும்பியிருப்பேன்."

திருத்தி முடிந்ததும் கடற்சோதனை வைக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தோடு தானே உட்காருவதாக முதலாளி சொன்னார். கடற்றொழிலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த சேரே வரட்டும்" என்றார். அது கோபமா, வேறேதாவதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றும் வியாழக்கிழமை. பாஸும் கூட வந்தார்.

காவல் கூட்டில் ஒரு இளம் கடற்படைக்காரர் இருந்தார். மூன்று பேரும் அடையாள அட்டையைக் கொடுத்தோம். என்னுடையதை வாங்கி, புரட்டிப் பார்த்து, புத்தகத்தில் எழுதி, திருப்பித் தந்தார். வழக்கப்படி நான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறொரு நாள், வேறொருவர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். அந்தச் சமாதானத்தை இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அது அந்த அரை நிமிடத்தின் முன்னால் நிற்பதில்லை.

புறப்படுமுன் பாஸ் ஒரு வயரைத் தொட்டு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்தார். அது ஒரேயடியாகக் கத்தியது. கூட்டிலிருந்தவர் எட்டிப் பார்க்க, பாஸ் கையசைத்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"மாமியார் வந்துட்டா" என்றார் கடற்றொழிலாளி. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் தாளைப் பார்த்தேன்.

அணையைத் தாண்டியதும் அலை படகைத் தூக்கிப் போட்டது. தாள் நனைந்தது. பென்சில் முனை அதை இரண்டு இடத்தில் கிழித்தது. மூன்றாவது, நான்காவது குறிப்புகளுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, நான் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடியும் அலாரம் ஒலிக்கவில்லை. அந்த அட்டையைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அவ்வளவு அலங்கோலமாக இருந்தது.

திரும்பி வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர் கேட்டார். "அன்னிக்கு எங்க அந்தோனியார் கோயில்லயா இருந்தீங்க?"

"ஓம்."

"எத்தன மணி வரைக்கும்?"

"பத்து மணி."

அவர் கரையைப் பார்த்தபடி படகைத் திருப்பினார். "நான் பன்னெண்டு மணி வரைக்கும் இங்க நின்னேன். எஞ்சினப் பூட்டி, எல்லாம் ரெடி பண்ணி. ஒரு சின்னப் பலகையத் தொடச்சு வச்சிருந்தேன், நீங்க உக்காந்து எழுத."

நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பலகைதானா என்று கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பெப்ரவரிப் பக்கத்தை எடுத்தேன். கிழித்துவிட நினைத்தேன். கிழித்தால் அதன் மறுபக்கத்திலுள்ள வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று விட்டேன். அதுதான் அப்போது சொல்லிக்கொண்ட காரணம். 9.10 முதல் 9.55 வரை எல்லாம் அப்படியே இருக்கிறது, அந்த அலையும் இருக்கிறது. அவற்றுக்குக் கீழே மிஞ்சியிருந்த சிறிய இடத்தில், வேறு நிற மையில் ஒரு வரி எழுதினேன். 'பன்னிரண்டு மணி வரை அவர் நின்றார்.' இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தில் என்னால் எழுத முடிந்தது அவ்வளவுதான்.